எழுதிக் கொடுத்த சமாதானம்

பத்தாம் வகுப்பு படிக்கும்போது தலைமையாசிரியர் அறையில் ஒரு பேப்பரில் கையெழுத்துப் போட்டேன். "இனிமேல் சண்டை போட மாட்டோம், ஒற்றுமையாக இருப்போம், மீறினால் டிசி வாங்கிக்கொள்கிறோம்." இவ்வளவுதான் வாசகம். எழுதியது கிளார்க் சார். கையெழுத்துப் போட்டது பதினோரு பேர். நாங்கள் ஏழு பேர், அந்தப் பக்கம் நாலு பேர். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஒரு ஏட்டையா வந்து உட்கார்ந்திருந்தார். எல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. கடைசியில் கை கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தோம். "அவ்வளவுதான்டா, போங்க, பரீட்சைக்குப் படிங்க"ன்னு அனுப்பிவிட்டார்கள்.

அந்த நாலு பேரில் ஒருத்தன் ஆறாம் வகுப்பிலிருந்து என் பெஞ்சில் உட்கார்ந்தவன். அன்றைக்குக் கை கொடுத்த பிறகு பள்ளிக்கூடம் முடியும்வரை நாங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. சண்டை போட மாட்டோம்னு எழுதிக் கொடுத்தோம், சண்டை போடவில்லை. குடிதண்ணீர்க் குழாயில் அவங்க பிடிச்சு முடிக்கிற வரைக்கும் நாங்க தள்ளி நிப்போம், நாங்க பிடிக்கும்போது அவங்க தள்ளி நிப்பாங்க. ஆசிரியர்கள் அதைப் பார்த்து "பரவாயில்லையே, பசங்க திருந்திட்டானுக"ன்னு சந்தோஷப்பட்டார்கள்.

சண்டை எதுக்குன்னு கேட்கிறீர்களா? கைக்கயிறு. நாங்கள் ஒரு கலரில் கட்டியிருந்தோம். அவர்களும் கட்டிக்கொண்டு வந்தார்கள். "நீங்க எதுக்குடா கட்டுறீங்க"ன்னு எங்களில் ஒருத்தன் கேட்டான். அங்கிருந்து ஆரம்பித்தது. அடித்தது எங்கள் பக்கம். நான் அடிக்கவில்லை, ஆனால் கயிறு கட்டிக்கொண்டு அடித்தவர்களுக்குப் பின்னால் நின்றேன். என் பெஞ்சுக்காரனுக்கு உதடு கிழிந்தது. அவன் யாரையும் தொடவே இல்லை. ஆனால் "இனிமேல் சண்டை போட மாட்டேன்" என்று அவனும் எழுதிக் கொடுத்தான்.

இந்தப் பேப்பரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. இப்போது மெக்கானிக்கல் மூன்றாம் வருஷம் படிக்கிறேன், ஊர் சிவகாசி பக்கம் எம். புதுப்பட்டி. ஊரைச் சொன்னதும் "ஓ, பட்டாசா?" என்று கேட்பீர்கள். ஆமாம், அம்மா இருபது வருஷமா பயராபீஸில்தான் வேலை பார்க்கிறார். என் சாதி என்ன என்று மட்டும் இங்கே எழுதப் போவதில்லை. அது தெரிந்த நிமிஷத்திலிருந்து நீங்கள் படிக்கிற விதம் மாறிவிடும். அடித்த பக்கம் நின்றவன் என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

கலவரம் முடிந்த ஊர்தானே நம்ம ஊரும்?

கலவரத்திலிருந்து மீண்டு வரும் சமூகத்துக்கு அமைதியைக் கற்றுக்கொடுப்பது எப்படி என்று பேச ஆரம்பித்தால், எல்லாரும் ருவாண்டா, இலங்கை, வட அயர்லாந்து என்று போய்விடுகிறார்கள். நானும் போகப் போகிறேன். அதற்கு முன்னால் நம்ம வாசலைப் பார்த்துவிடலாம்.

1899 ஜூன் 6. கோயிலுக்குள் போகும் உரிமையை நாடார்கள் கேட்டதை ஒட்டி எழுந்த பகையில், ஆயிரக்கணக்கானோர் திரண்டு வந்து சிவகாசியைத் தாக்கினார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் மறவர்கள். நூற்றுக்கணக்கான வீடுகள் எரிந்தன, இரண்டு பக்கமும் உயிர்கள் போயின. சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கும் கலவரம் பரவியது. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சிலர் இன்றைக்கும் அதைச் 'சிவகாசிக் கொள்ளை' என்கிறார்கள்.

அது நடந்து கால் நூற்றாண்டுக்குள், 1920களின் தொடக்கத்தில், அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். அந்தக் கதையைப் பள்ளி ஆண்டுவிழாக்களில் குறைந்தது பத்து தடவையாவது கேட்டிருப்பேன். குட்டி ஜப்பான், கடும் உழைப்பு, விடாமுயற்சி. எல்லாம் உண்மை. ஆனால் 1899 என்ற வருஷத்தை எந்த ஆசிரியரும் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. காலேஜ் லைப்ரரியில் ஒரு புத்தகத்தைப் புரட்டும்போதுதான் எனக்கே தெரிந்தது.

அடுத்து 1957. அப்போது எங்கள் ஊரெல்லாம் ராமநாதபுரம் மாவட்டம்தான், விருதுநகர் தனி மாவட்டமானது 1985-ல். முதுகுளத்தூர்ப் பக்கம் பதற்றம் கூடியபோது, செப்டம்பர் 10-ஆம் தேதி கலெக்டர் ஒரு சமாதானக் கூட்டம் கூட்டினார். எல்லாச் சமூகத் தலைவர்களும் வந்தார்கள். மறுநாள் இரவு, அந்தக் கூட்டத்தில் கலந்துகொண்ட தேவேந்திரர் தலைவர் இம்மானுவேல் சேகரன் பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு நடந்த கலவரத்திலும், கீழத்தூவலில் போலீஸ் சுட்டதிலும் போன உயிர்களின் கணக்கு தனி. சமாதானக் கூட்டத்துக்கு ஆயுசு ஒரே நாள்.

மூன்றாவது 1997. இது நம்ம அப்பா அம்மா நேரில் பார்த்தது. விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரு புதிய போக்குவரத்துக் கழகம் தொடங்கி, கட்டபொம்மனோடு நின்று போராடிய வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை அரசு வைத்தது. அவர் தேவேந்திரர். அந்தப் பெயர் எழுதின பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று எதிர்ப்புக் கிளம்பியது. தென்மாவட்டங்களில் கலவரம், கொலை, பஸ் உடைப்பு. கடைசியில் அரசு என்ன செய்தது தெரியுமா? எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும், எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை மொத்தமாக எடுத்துவிட்டது. எங்கள் காமராஜர் மாவட்டம் விருதுநகர் மாவட்டம் ஆனது அப்படித்தான்.

அப்போதைக்கு வேறு வழி இருந்திருக்காது. பஸ் ஓட வேண்டும், உயிர் போகக் கூடாது. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதிலிருந்து எங்கள் ஊர்கள் ஒரு பாடத்தைப் படித்துக்கொண்டன. அமைதி வேண்டுமா, பெயரை அழி. அமைதி வேண்டுமா, அதைப் பற்றிப் பேசாதே. "எதுக்குப்பா அதெல்லாம், ஆறின புண்ணைக் கிளறிக்கிட்டு" என்று சொல்லாத வீடு எங்கள் பக்கம் இல்லை.

புண் ஆறியிருந்தால் பேசலாம். ஆறியிருந்தால் பத்தாம் வகுப்புப் பையன் கையில் கயிறு எதுக்கு?

நாங்குநேரிக்குப் பிறகு

2023 ஆகஸ்ட் மாதம் நாங்குநேரியில் நடந்தது உங்கள் எல்லாருக்கும் தெரியும். பிளஸ் டூ படித்த ஒரு தலித் மாணவனை, அவன் வீட்டுக்குள்ளேயே புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. வெட்டியவர்கள் வெளியூர் ரவுடிகள் இல்லை, அவனோடு பள்ளியில் படித்த பசங்க. அந்த மாணவன் பிழைத்து எழுந்து, அடுத்த வருஷம் பொதுத் தேர்வில் 600-க்கு 469 எடுத்தான்.

அந்தச் செய்தி வந்த அன்று ஹாஸ்டலில் எல்லாரும் "ச்சே, எப்படிடா மனசு வருது"ன்னு பேசிக்கொண்டிருந்தார்கள். நான் பேசவில்லை. எனக்கு எங்க பள்ளிக்கூடத்துக் குழாயடிதான் ஞாபகம் வந்தது. கயிறு கட்டி நின்ற ஏழு பேருக்கும் அரிவாளுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருந்தது? ரொம்ப இல்லை. எங்கள் அதிர்ஷ்டம், அன்றைக்கு யார் கையிலும் எதுவும் இல்லை.

அதற்குப் பிறகு அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார். பள்ளிப் பெயர்களில் இருக்கும் சாதியை எடுக்க வேண்டும், கலர் கயிறு, மோதிரம் மாதிரியான சாதி அடையாளங்களைத் தடை செய்ய வேண்டும், வகுப்பில் அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும், ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அறநெறி வகுப்பு நடத்த வேண்டும் என்று நிறைய பரிந்துரைகள். கயிறு விஷயம் புதுசு இல்லை. 2019-லேயே பள்ளிக்கல்வித் துறையில் அப்படி ஒரு சுற்றறிக்கை வந்து, எதிர்ப்பு கிளம்பியதும் அப்படியே அமுங்கிப் போனது.

கயிறைத் தடை செய்வதை நான் இரண்டு கையாலும் ஆதரிக்கிறேன். கட்டியவன் என்கிற முறையில் சொல்கிறேன், கயிறு இல்லாதபோது வராத திமிர் அது இருக்கும்போது வரும். ஆனால் கயிறைக் கழற்றிய பிறகு? எங்கள் பள்ளியிலும் அந்தச் சண்டைக்கு மறுநாள் எல்லார் கயிறையும் கத்தரியால் வெட்டிப் போட்டார்கள். ஒரு வாரத்தில் எங்கள் செட் ஒரே மாதிரி ஹேர்கட்டுக்கு மாறியது. அப்புறம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். அடையாளத்தை எடுத்துவிடலாம். அந்த இடத்தில் வேறு ஒன்றை வைக்கவில்லை என்றால் பழையதுதான் வேறு உருவத்தில் திரும்பி வரும்.

அறநெறி வகுப்பைப் பற்றியும் எனக்குப் பயம் இருக்கிறது. நாம் எல்லாரும் எதிக்ஸ் பேப்பர் எழுதினவர்கள். எப்படி எழுதினோம் என்று நமக்குத் தெரியும். முந்தின நாள் ராத்திரி சீனியர் நோட்ஸ் பிடிஎஃப், காலையில் 13 மார்க் கேள்விக்கு அரைப் பக்கம் விஷயத்தை நாலு பக்கமாக இழுத்தது. 'சக மனிதரை மதித்தல்' என்று அடிக்கோடு போட்டு எழுதிவிட்டு வெளியே வந்து, "டேய், அவன் எந்தத் தெருடா?" என்று கேட்டவர்கள் நம்மில் இல்லையா? பாடப் புத்தகங்களின் முன்பக்கத்தில் தீண்டாமைக்கு எதிராக மூன்று வரி அச்சடித்திருக்கிறார்கள். பன்னிரண்டு வருஷம் அதைப் புரட்டித்தான் உள்ளே போனோம். புரட்டினோம், அவ்வளவுதான்.

மற்ற நாடுகள் எங்கே தடுமாறின?

ருவாண்டாவில் 1994-ல் நூறு நாட்களில் சுமார் 8 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் டுட்சிகள். கொன்றவர்களில் பக்கத்து வீட்டுக்காரர்களும் உண்டு, ஆசிரியர்களும் உண்டு. அதற்குப் பிறகு வந்த அரசு அடையாள அட்டையிலிருந்து ஹூட்டு, டுட்சி என்ற இனப் பெயரை எடுத்தது. பள்ளிகளில் வரலாற்றுப் பாடத்தையே நிறுத்தி வைத்தது. எதைச் சொல்வது, எப்படிச் சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை. நம்ம 1997 மாதிரியேதான், ஆனால் பல மடங்கு பெரியது. இருபது வருஷம் கழித்து, 2016-ல் நடைமுறைக்கு வந்த புதிய பாடத்திட்டத்தில் அமைதிக் கல்வியைத் தனிப் பாடமாக வைக்காமல் எல்லாப் பாடங்களுக்குள்ளும் நுழைத்தார்கள். அங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை, வெளிப்படையாகப் பேசுவதற்கு இன்னும் அங்கே பயம் இருக்கிறது என்று விமர்சிப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பெயரை அழித்தால் மட்டும் போதாது என்பதை அவர்களே உணர்ந்திருக்கிறார்கள்.

இலங்கை நமக்கு இன்னும் பக்கம். நம்ம மாவட்டத்திலேயே குல்லூர்சந்தை மாதிரி இடங்களில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. போர் முடிவதற்கு ஒரு வருஷம் முன்னால், 2008-லேயே, சமூக ஒற்றுமைக்கும் அமைதிக்குமான கல்விக் கொள்கை ஒன்றை இலங்கைக் கல்வி அமைச்சு வெளியிட்டது. பேப்பரில் நல்ல கொள்கை. ஆனால் அங்கே பெரும்பாலான பள்ளிகள் சிங்கள மொழிப் பள்ளி, தமிழ் மொழிப் பள்ளி என்று தனித்தனியாகவே இருக்கின்றன. ஒரு சிங்களப் பிள்ளை ஒரு தமிழ்ப் பிள்ளையோடு ஒரே பெஞ்சில் உட்காராமலேயே படிப்பை முடித்துவிடலாம். பக்கத்தில் இல்லாத ஒருவனை எப்படி நேசிப்பது என்று புத்தகத்தில் படித்து என்ன ஆகப் போகிறது?

வட அயர்லாந்தில் ஒரு சின்ன விஷயம் நடந்தது. கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி, புராட்டஸ்டன்ட் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி என்று இருந்த ஊரில், 1981-ல் பெல்ஃபாஸ்ட் பெற்றோர்கள் சிலர் சேர்ந்து லாகன் காலேஜ் என்று ஒரு பொதுப் பள்ளி தொடங்கினார்கள். முதல் நாள் வந்த பிள்ளைகள் 28 பேர். வெளியே குண்டு வெடித்துக்கொண்டிருந்த காலம் அது, அமைதி ஒப்பந்தம் வந்தது 1998-ல்தான். ஒப்பந்தம் வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அந்தப் பெற்றோர்கள் காத்திருக்கவில்லை. இன்றைக்கும் அங்கே பத்தில் ஒரு பிள்ளைகூட இப்படிப்பட்ட பள்ளியில் படிப்பதில்லை. ஆனால் 28 பேரில் தொடங்கியது நிற்கவில்லை.

இந்த இடத்தில் "எங்க ஸ்கூல்ல எல்லாச் சாதிப் பசங்களும் ஒண்ணாத்தானே படிக்கிறோம், நாம அவங்களைவிட மேல்"னு தோணும். எனக்கும் தோணியது. ஆனால் நானும் அவனும் நாலு வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். அதுவும் எங்களைக் காப்பாற்றவில்லையே, ஏன்?

ஒரே டீமில் இருக்கணும்

கோர்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954-லேயே இதற்குப் பதில் சொல்லியிருக்கிறார். இரண்டு கூட்டத்தை சும்மா ஒரே இடத்தில் வைத்தால் வெறுப்பு குறையாது. சம அந்தஸ்து வேண்டும், பொதுவான ஒரு குறிக்கோள் வேண்டும், அதை அடைய ஒருத்தரை ஒருத்தர் நம்பித்தான் ஆகணும் என்ற நிலை வேண்டும், மேலே இருப்பவர்களின் ஆதரவு வேண்டும். இது நாலும் சேர்ந்தால்தான் பழக்கம் நட்பாகும்.

நம்ம நாட்டிலேயே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், அதுவும் கிரிக்கெட் வைத்து. மேட் லோவ் என்ற பொருளாதார ஆய்வாளர் உத்தரப்பிரதேசக் கிராமங்களில் ஒரு கிரிக்கெட் லீக் நடத்தினார். வெவ்வேறு சாதியைச் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் அந்த ஆய்வில் இருந்தார்கள். சிலரைக் குலுக்கல் முறையில் கலப்பு டீமில் போட்டார், சிலரை ஒரே சாதி டீமில். முடிவு என்ன? ஒரே டீமில் சேர்ந்து ஆடியவர்களுக்கு மற்ற சாதியில் நண்பர்கள் கூடினார்கள். ஆனால் எதிர் டீமாக மட்டும் சந்தித்துக்கொண்டவர்களுக்கு அந்த நட்பு குறைந்தது. 2021-ல் வெளியான ஆய்வு இது.

படித்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. எங்கள் பக்கம் ஊருக்கு நாலு டீம் இருக்கும். ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு டீம். தெரு என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். பொங்கலுக்கு டோர்னமென்ட், முதல் பரிசு ஆட்டுக்கிடா. ஃபைனலில் அம்பயர் எல்பிடபிள்யூ கொடுத்தாலே ஸ்டம்பைப் பிடுங்கிவிடுவோம். அதாவது, வெறுப்பை வளர்ப்பதற்கு எது சிறந்த வழி என்று அந்த ஆய்வு சொல்கிறதோ, அதை நாங்கள் பரிசு கொடுத்து நடத்திக்கொண்டிருந்தோம். பெஞ்சிலும் அதேதான். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம், ஆனால் சேர்ந்து ஒரு வேலையும் செய்யவில்லை.

முதன்முதலாக அது மாறியது இந்தக் காலேஜில், மெஷின் ஷாப்பில். ரோல் நம்பர் படி பேட்ச். நான் யாரைத் தேர்ந்தெடுக்கணும்னு யாரும் என்னைக் கேட்கவில்லை. லேத்தில் ஒருத்தன் டூல் செட் பண்ண, ஒருத்தன் வெர்னியரில் அளவு பார்க்கணும். அவன் அளவு தப்பினால் என் ஜாபும் ரிஜக்ட். மூணு மாசத்தில் அவன் டிபன் பாக்ஸும் என் டிபன் பாக்ஸும் ஒண்ணாயிருச்சு. அவன் என்ன ஆள் என்று எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. தெரிந்தபோது, பத்தாம் வகுப்பில் நான் எந்த ஆளுகளுக்கு எதிரே நின்றேனோ, அதே ஆள். அன்றைக்குத்தான் எனக்கு அவனிடம் அந்தக் கதையைச் சொல்ல வாய் வந்தது. அவன் ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லவில்லை. அப்புறம் "எங்க ஸ்கூல்லயும் பேப்பர்ல எழுதி வாங்குவாங்கடா" என்றான்.

"பேசினா பத்திக்கும்"

இதைப் பற்றி எல்லாம் பேசினால், வகுப்பில் வரலாறு என்று சொல்லிக்கொடுத்தால், மறுபடியும் பத்திக்கும் என்பார்கள். இந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். பத்திக்கும் என்றால் என்ன என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. 2012-ல் முதலிப்பட்டி, 2023-ல் ரெங்கபாளையம். எங்கள் அம்மாவோடு வேலை பார்த்தவர்கள் வீட்டுத் துக்கத்துக்கு எத்தனை தடவை போயிருப்போம் என்று கணக்கு இல்லை.

ஆனால் பயராபீஸில் பாதுகாப்பு எப்படி? மருந்து வெடிக்கும் என்று யாரும் பேசக்கூடாது என்றா விதி? இல்லையே. எது எதோடு சேர்ந்தால் வெடிக்கும், ஒரு ரூமில் எத்தனை பேர் இருக்கணும், எவ்வளவு மருந்து வைக்கணும் என்பதைத்தான் ஃபோர்மேன் திரும்பத் திரும்பச் சொல்லணும். எங்கெல்லாம் சொல்லாமல் விட்டார்களோ, சொன்னதை மீறினார்களோ, அங்கெல்லாம் உயிர் போயிருக்கிறது. அம்மா தினமும் ரூமுக்குள் போகும் முன் வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போவார். உடம்பில் இருக்கிற கரண்ட் இறங்கணும். நேற்றுத் தொட்டேனே, இன்னைக்கு எதுக்கு என்று கேட்க முடியாது. வருஷத்துக்கு ஒரு நாள் உறுதிமொழி எடுத்தால் அங்கே போதாது. இங்கேயும் போதாது.

"வேலை வாய்ப்பு வந்தால் சாதிச் சண்டை தானாகப் போயிரும்" என்று இன்னொரு வாதம். வேலை வேண்டும்தான். ஆனால் எங்கள் பக்கம் நூறு வருஷமாகத் தொழில் இருக்கிறது. தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்று ஊரே வேலை பார்க்கிறது. எல்லாச் சாதிப் பெண்களும் ஒரே ரூமில் உட்கார்ந்து திரி வைக்கிறார்கள். சாயங்காலம் வேன் இறங்கியதும் அவரவர் தெருவுக்குப் பிரிந்து போகிறார்கள். அவர்கள் பிள்ளைகள்தான் நாங்கள். வேலை பாதி வழி கூட்டிக்கொண்டு வரும். மீதி வழியை யாராவது சொல்லித்தரணும்.

நாம் என்ன செய்யலாம்?

அரசுக்கு யோசனை சொல்ல எனக்கு வயசும் இல்லை, இந்த இதழை அமைச்சர் படிக்கப் போவதும் இல்லை. நம்ம காலேஜில் நாம் செய்யக்கூடியதை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, என்எஸ்எஸ் கேம்ப். வருஷா வருஷம் ஏதாவது ஒரு கிராமத்துக்குப் போய் மரம் நட்டு, கோயிலைச் சுத்தம் பண்ணிவிட்டு வருகிறோம். இந்த வருஷம் ஒரு கிரிக்கெட் லீக் நடத்துவோம். டீம் எல்லாம் சீட்டுக் குலுக்கிப் போட்டு. தெரு டீம் கிடையாது. ஏழு நாள் கேம்பில் ஏழு மேட்ச் ஆடலாம்.

இரண்டு, தமிழ் மன்றத்தில் மாதம் ஒரு கூட்டம், உள்ளூர் வரலாறு. 1899, 1957, 1997. யார் பக்கமும் சாயாமல், ஆனால் யார் என்ன செய்தார்கள் என்பதை மழுப்பாமல். கேட்கும்போது யாருக்காவது கோபம் வந்தால், அது அந்த ஹாலுக்குள்ளேயே, ஆசிரியர் முன்னால் வரட்டும். பஸ் ஸ்டாண்டில் வருவதற்கு அது எவ்வளவோ மேல்.

மூன்று, ஹாஸ்டல் ரூம். இரண்டாம் வருஷத்திலிருந்து "யார்கூட வேணும்னு எழுதிக் கொடு" என்கிறார்கள். எல்லாரும் தன் ஊர், தன் ஆள் என்று எழுதிக் கொடுக்கிறோம். மூன்று வருஷமும் குலுக்கலிலேயே கொடுக்கட்டும்.

நாலாவதுதான் எனக்கு முக்கியம். காலேஜில் ஒரு சண்டை நடந்தால், இரண்டு பக்கத்தையும் நிற்க வைத்து ஒரே பேப்பரில் கையெழுத்து வாங்காதீர்கள். இரண்டு பேர் சண்டை போடுவது வேறு, ஒருத்தன் இன்னொருத்தனைக் கீழே வைக்கணும்னு அடிப்பது வேறு. அடித்தவனும் அடி வாங்கியவனும் ஒரே வரியை எழுதினால், அடி வாங்கியவனும் குற்றவாளி என்று நாமே அவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அடித்தவனுக்கோ, கையெழுத்தோடு கணக்கு முடிந்தது என்று சொல்லிக்கொடுக்கிறோம். தனித்தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள். என்ன நடந்தது, யாருக்கு என்ன போச்சு, அதைச் சரிபண்ண யார் என்ன செய்யணும். அரை மணி நேரத்தில் முடியாது. ஒரு வாரம்கூட ஆகலாம். அமைதியைக் கற்றுக்கொடுப்பதற்கு எனக்குத் தெரிந்த முதல் பாடம் அதுதான்.

சாதியைச் சொல்ல மாட்டேன் என்று ஆரம்பித்துவிட்டு, எல்லாவற்றையும் பேசணும் என்று முடிக்கிறானே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. எனக்கே அது உறுத்துகிறது. சொன்ன பிறகும் நீங்கள் என்னை அதே மாதிரி படிப்பீர்கள் என்ற நம்பிக்கை எனக்கு இன்னும் வரவில்லை. அந்த நம்பிக்கை வருகிற காலேஜ் ஒன்று வேண்டும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

போன தீபாவளிக்கு முந்தின நாள் சிவகாசி பஸ் ஸ்டாண்டில் என் பெஞ்சுக்காரனைப் பார்த்தேன். அச்சாபீஸில் வேலை, காலண்டர் சீசன், கையெல்லாம் மை. எம். புதுப்பட்டி பஸ் வர இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. டீ வாங்கிக் கொடுத்தேன், குடித்தான். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "அன்னைக்கு அந்தப் பேப்பர்ல நீ கையெழுத்துப் போட்டிருக்கக் கூடாதுடா. நீ ஒண்ணுமே பண்ணலை" என்றேன்.

அவன் டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னான். "அதை அன்னைக்கு அந்த ரூம்லயே சொல்லியிருக்கலாம்ல?"

பஸ் வந்துவிட்டது. ஏறினேன். ஜன்னல் வழியாக நம்பர் கேட்டேன், கொடுத்தான். பொங்கலுக்குச் சீட்டுக் குலுக்கி டீம் போடப் போகிறோம், வர்றியா என்று கேட்டு மெசேஜ் போட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. வரும் என்று நினைக்கிறேன்.